இருபது வருஷம் தூங்கிய முறுக்கு

போன ஆவணியில் ஒரு கல்யாண வீட்டில், பொழுது விடிவதற்கு முன்னால், ஏணியில் நின்று, கரண்ட் ஒயர் இணைப்பின்மேல் சுற்றிக் கருகிப்போன டேப்பைப் பிரித்துக்கொண்டிருந்தேன். கானாடுகாத்தான் பக்கம் ஓர் ஊர். முகப்பில் வாழைமரம் கட்டியாகிவிட்டது. பின்கட்டில் சமையல்காரர்கள் இட்லிக் கொப்பரையை ஏற்றிவிட்டு, விளக்கு இல்லாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். டேப்பின் மேல்சுற்று கையோடு வந்தது. உள்சுற்று உருகிக் கம்பியோடு ஒட்டியிருந்தது. கத்தி முனையால் நெம்பியதும் வெள்ளையும் பச்சையுமாகத் தூள் கொட்டியது. முறுக்கியிருந்த கம்பியில் பாதி இழைகளைக் காணோம். மீதி இழைகள் தொட்டதும் ஒடிந்தன.

சுற்றியிருந்த விதத்தைப் பார்த்ததுமே யார் கை என்று தெரிந்துவிட்டது. கடைசிச் சுற்றின்மேல் சணல் நூலால் இரண்டு கட்டுப் போட்டு முடிப்பது எங்கள் மேஸ்திரி சொல்லிக்கொடுத்த பழக்கம். ஆனால் மேஸ்திரி அந்த வீட்டு வாசல்படியை மிதித்ததே இல்லை. 2003-ல் நான் தனியாக எடுத்துச் செய்த முதல் பெரிய வேலை அந்த வீடு.

அதனால்தான் இதை எழுதுகிறேன். போஸ்டிலிருந்து மீட்டருக்கும், மீட்டரிலிருந்து மெயின் போர்டுக்கும் வருகிற அந்தத் தடித்த ஒயரைப் பற்றி வீட்டுக்காரர்கள் யாரும் எங்களிடம் கேட்பதில்லை. ஃபேன் என்ன கம்பெனி, சுவிட்ச் என்ன கலர் என்று கேட்பார்கள். வயர்மேன்களான நாங்களும் அதைப் பற்றி எங்களுக்குள் பேசிக்கொள்வதில்லை. சரியாகப் போட்டாலும் சாயங்காலம் விளக்கு எரியும். தப்பாகப் போட்டாலும் அன்றைக்குச் சாயங்காலம் விளக்கு எரியும். கூலி அந்த விளக்கைப் பார்த்துத்தான் கொடுக்கப்படுகிறது.

செட்டிநாட்டு வீடுகளின் நீளம் ஊர் அறிந்தது. முகப்பு ஒரு தெருவில் இருந்தால் பின்வாசல் அடுத்த தெருவில் இருக்கும். திண்ணை, பட்டாலை என்கிற முன்கூடம், வளவு என்கிற நடுமுற்றம், இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு, அதற்கப்புறம் கிணறு, தோட்டம். ரீடிங் எடுக்க வருகிறவருக்கு வசதியாக மீட்டர் முகப்பில் இருக்கும். கரண்டை இழுக்கிற சாமான்கள் எல்லாம் பின்கட்டில் இருக்கும். நடுவில் நூறு, நூற்றைம்பது அடி ஒயர் ஓட வேண்டும். வேறு ஊரில் இரண்டு படுக்கையறை வீட்டுக்கு வயரிங் செய்து பழகியவர்கள் இங்கே வந்து தடுமாறுவது இந்த நீளத்தில்தான்.

கிணற்று மோட்டாரையே எடுத்துக்கொள்ளுங்கள். முகப்பிலிருந்து கிணற்றுக்கு 60 மீட்டர் என்றால் கரண்ட் போய்த் திரும்பி வர 120 மீட்டர். ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது ஏழு ஆம்பியர் எடுத்தாலும் கிளம்புகிற நொடியில் நாற்பது ஆம்பியர் வரைக்கும் கேட்கும். கம்பியின் குறுக்குப் பரப்பு 2.5 ஸ்கொயர் எம்.எம். உள்ள காப்பர் ஒயர் போட்டிருந்தால் அந்த நொடியில் ஒயரிலேயே 35 வோல்ட் போய்விடும். 6 ஸ்கொயர் எம்.எம். போட்டிருந்தால் 15 வோல்ட்தான் போகும். லோ வோல்டேஜ் காலத்தில், ஏற்கெனவே 200-க்கு இறங்கி நிற்கிற லைனில் இந்த 35-ம் சேர்ந்தால் மோட்டார் முனகிக்கொண்டே நிற்கும், காயில் கருகும். மோட்டார் கடைக்காரரைத் திட்டுவார்கள். ஒயர் போட்டவரை யாரும் நினைக்க மாட்டார்கள்.

சரி, 2003-க்கு வருகிறேன்.

மீட்டர் போர்டிலிருந்து இரண்டாம் கட்டு மெயினுக்கு நாலு கோர் (உள்ளே நாலு கம்பி) அலுமினியம் ஆர்மர்டு கேபிள், அதாவது மேலே இரும்புக் கவசம் சுற்றியது, 10 ஸ்கொயர் எம்.எம்., அளந்து வாங்கினேன். வளவின் ஓரமாகக் கொண்டுபோகும்போது மேல்வீட்டுக்கு ஏறும் படி குறுக்கே வந்தது. சுற்றிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. அளக்கும்போது அந்தச் சுற்றை நான் கணக்கில் வைக்கவில்லை. எட்டடி குறைந்துவிட்டது. முழு நீளமாக வேறு கேபிள் வாங்கினால் என் கூலி முழுக்கப் போய்விடும். பையில் 6 ஸ்கொயர் எம்.எம். காப்பர் ஒயர் மிச்சம் இருந்தது. தடைக் கணக்கில் 10 அலுமினியமும் 6 காப்பரும் ஒன்றுதான், இரண்டுமே கிலோமீட்டருக்கு 3.08 ஓம். அந்தக் கணக்கு அன்றைக்கே எனக்குத் தெரியும். அதைச் சொல்லித்தான் என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். நாலு கோரையும் சீவி, காப்பரோடு சேர்த்துக் கட்டிங் பிளையரால் முறுக்கி, டேப் சுற்றி, ஒரு மரப்பெட்டிக்குள் தள்ளி மூடினேன். சாயங்காலம் விளக்கு எரிந்தது.

கணக்கில் தப்பில்லை. தப்பு முறுக்கில் இருந்தது.

அலுமினியத்தைச் சீவியதும் அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் படிந்துவிடும். அந்தப் படலம் கரண்டைக் கடத்தாது. கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, உடனே அதற்கான பேஸ்ட் தடவி, காற்றுப் படாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். இன்னொன்று, அலுமினியம் மெத்தென்ற உலோகம். அழுத்திப் பிடித்தால் கொஞ்சம் கொஞ்சமாக நசுங்கி விலகிக்கொடுக்கும். இன்றைக்கு இறுக்கிய ஸ்க்ரூ நாளாக நாளாகத் தளர்ந்துவிடும். மூன்றாவது, காப்பரும் அலுமினியமும் நேருக்கு நேர் தொட்டுக்கொண்டிருக்கிற இடத்தில் ஈரம் பட்டால் அது ஒரு சின்ன பேட்டரி போல வேலை செய்யும். அலுமினியம் கரைந்துகொண்டே போகும். நான் பிரித்தபோது கொட்டிய வெள்ளைத் தூள் அதுதான்.

காரைக்குடிக்காரனான எனக்கு இது தெரியாமல் இருந்திருக்கக் கூடாது. 1948-ல் நேரு அடிக்கல் நாட்டி, அழகப்பச் செட்டியார் கொடுத்த முந்நூறு ஏக்கர் நிலத்தில் எழுந்து, 1953-ல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் எங்கள் ஊரில்தான் இருக்கிறது. உலோகம் ஏன் அரிக்கிறது, எப்படித் தடுப்பது என்பது அவர்கள் காலங்காலமாகச் செய்துவரும் ஆராய்ச்சிகளில் ஒன்று. அந்த கேட்டைத் தாண்டித்தான் நான் தினமும் சைக்கிளில் வேலைக்குப் போனேன். உள்ளே படிப்பவர்களுக்குத் தெரிந்த ஒரு விஷயம் வெளியே முறுக்குப் போடுகிறவன் காதுக்கு வந்து சேர இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. எனக்கு அதில் இன்றைக்கும் வருத்தம் உண்டு.

அப்படி அரிக்கிற முறுக்கு இருபது வருஷம் எப்படித் தாங்கியது என்று கேட்பீர்கள். இங்கே பல வீடுகள் வருஷத்தில் முக்கால்வாசி நாள் பூட்டித்தான் கிடக்கின்றன. வீட்டுக்காரர்கள் சென்னையில், சிங்கப்பூரில், மலேசியாவில். வாட்ச்மேனுக்கு ஒரு ஃபேன், முகப்பில் ஒரு லைட். அரை ஆம்பியர்கூட ஓடாது. முறுக்கில் 0.1 ஓம் தடை உண்டாகியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஆம்பியர் ஓடினால் அந்த இடத்தில் எழும் சூடு 0.1 வாட், தொட்டால்கூடத் தெரியாது. கல்யாணத்தன்றைக்கு முப்பது ஆம்பியர் ஓடினால் 90 வாட். ஒரு பெரிய சால்டரிங் அயர்னைப் பழைய டேப்புக்குள் சுற்றி வைத்த மாதிரி. கரண்ட் முப்பது மடங்கு கூடினால் சூடு தொள்ளாயிரம் மடங்கு கூடும். அதனால்தான் எங்கள் பக்கத்தில் லைன் தகராறு எல்லாம் கல்யாணத்திலும், ஊர்க்காரர்கள் வந்து கூடுகிற பிள்ளையார் நோன்பிலும் வருகிறது. கண் திருஷ்டி என்பார்கள்.

அன்றைக்கு ஒடிந்தது நியூட்ரல் முறுக்கு, கரண்ட் திரும்பிப் போகிற பொதுக் கம்பி.

மூன்று பேஸ், அதாவது கரண்ட் வருகிற மூன்று லைன், வந்தால் நியூட்ரல் நடுவில் அடித்த முளை போல. மூன்று பக்கமும் இழுத்துக் கட்டிய கயிறு அந்த முளையில்தான் நிற்கிறது. முளை பிடுங்கிக்கொண்டால் எந்தப் பக்கம் இழுப்பு அதிகமோ அந்தப் பக்கம் எல்லாம் சாயும். அந்த வீட்டில் கிரைண்டர்களும் பந்தல் சீரியல் லைட்டும் ஒரே பேஸில் இருந்தன. அங்கே வோல்டேஜ் படுத்துவிட்டது. ஆள் இல்லாத இன்னொரு பேஸில் டி.வி.யும் ஃப்ரிட்ஜும் நாலு எல்.இ.டி. பல்பும்தான். அங்கே 230 இருக்க வேண்டிய இடத்தில் 400-ஐ நெருங்கிவிட்டது. பின்கட்டில் கிரைண்டர் முனகி நின்ற அதே நேரத்தில் இரண்டாம் கட்டு அறைகளில் பல்புகள் கண் கூச எரிந்து, ஒன்றன்பின் ஒன்றாகப் பட்பட்டென்று போயின. யாரோ ஒரு பையன் ஓடிப்போய் மெயினை இறக்கியிருக்கிறான். அந்தப் பையனைத் தேடிப்போய்க் கையைப் பிடித்து நன்றி சொன்னேன்.

ஃப்ரிட்ஜ், இரண்டு டி.வி., ஒரு இன்வெர்ட்டர் போயின. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருக்கலாம், அதைப் பின்னால் சொல்கிறேன்.

இருபுறமும் நல்ல கம்பி வருகிற வரைக்கும் வெட்டித் தள்ளி, பையில் இருந்த பைமெட்டல் லக்குகளை, அதாவது கம்பி முனையில் மாட்டுகிற உலோகக் குப்பிகளை, கிரிம்ப் பண்ணி (நசுக்கிப் பிடிக்கவைத்து), போல்ட் போட்டு இறுக்கினேன். பைமெட்டல் லக்கில் ஒரு பக்கம் அலுமினியம், ஒரு பக்கம் காப்பர். இரண்டும் தொழிற்சாலையிலேயே ஒட்டவைக்கப்பட்டு வரும். ஈரம் நடுவில் புக இடமில்லை. ஒன்று சில பத்து ரூபாய்தான். அன்றைக்கு ஆறே முக்காலுக்கு லைட் வந்தது. முகூர்த்தத்துக்கு இன்னும் நேரம் இருந்தது.

கல்யாணம் முடிந்து பந்தி அடங்கியபிறகு அந்த வீட்டு ஆச்சியிடம் போனேன். வளவுத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். உடைந்த கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு, "ஆச்சி, இது நான் போட்டதுதான். தப்பாப் போட்டிருக்கேன்" என்றேன்.

வாங்கிப் பார்த்தார்கள். "எப்பப் போட்டது?"

"ரெண்டாயிரத்து மூணுல."

"அப்ப ஐயா இருந்தாக. அவுக உன்னைப் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டேதானே இருந்தாக. அவுகளுக்கும் தெரியலை, உனக்கும் தெரியலை." கம்பியைத் திருப்பிக் கொடுத்தார்கள். "இப்பத் தெரியுமுல்ல தம்பி. முழுசா மாத்திப் போடு."

எங்கள் மேஸ்திரி பழைய ஆள். பர்மா தேக்கில் இரண்டு காடி இழைத்த பட்டைக்குள் ஒயரை ஓட்டி, மேலே மூடிப்பட்டை வைத்து ஸ்க்ரூ அடிக்கிற கேசிங் வயரிங்கில் கை பழகியவர். ஒரு காடியில் பேஸ், மற்றதில் நியூட்ரல், இரண்டும் ஒன்றையொன்று தொடவே தொடாது. ரப்பர் உறை போட்டுப் பருத்தி நூல் பின்னிய ஒயர். பீங்கான் சுவிட்சு, பித்தளை மூடி. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் இன்றைக்கு அந்தச் சுவிட்சுகளை அலங்காரத்துக்கு வாங்கிப் போகிறார்கள். அந்த மரவேலையைப் பார்க்கப் பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் பழையது எல்லாம் நல்லது என்று நான் சொல்ல மாட்டேன். அந்த ரப்பர் இப்போது தொட்டால் பிஸ்கட் மாதிரி உதிர்கிறது. அந்தக் காலத்துப் பீங்கான் போர்டுகளில் பேஸுக்கு ஒரு ப்யூஸ், நியூட்ரலுக்கு ஒரு ப்யூஸ் இருக்கும். நியூட்ரல் ப்யூஸ் முதலில் போய்விட்டால் விளக்கு அணைந்துவிடும், லைனில் மட்டும் 230 வோல்ட் அப்படியே நிற்கும். கரண்ட் இல்லை என்று நினைத்துக் கை வைப்பவர் கதி என்ன? இப்போது நியூட்ரலில் ப்யூஸ் வைக்கக் கூடாது என்பது விதி. பழைய வீட்டில் அந்த போர்டைப் பார்த்தால் நான் வேறு எந்த வேலைக்கும் முன்னால் அதை எடுத்துவிடுவேன். அழகுக்காக வேண்டும் என்றால் இணைப்பு இல்லாமல் சுவரில் இருக்கட்டும்.

முகப்பில் சர்வீஸ் ஒயர் வந்து இறங்குகிற இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இங்கே முகப்பின் மேலே கஜலட்சுமி, இரண்டு பக்கமும் துப்பாக்கி பிடித்த வெள்ளைக்காரச் சிப்பாய், கிளி, யாளி என்று சுதை வேலை நிறைந்திருக்கும். போஸ்டிலிருந்து வருகிற தாங்கு கம்பியைக் கட்ட வாகான இடம் என்று அந்தச் சிப்பாயின் மணிக்கட்டில் ஒயரைக் கட்டியிருப்பதை நான் ஒன்றிரண்டு வீட்டில் இல்லை, பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். காற்றடிக்கும்போது கம்பி ஆடும். ஆட ஆடச் சுதை விரிசல் விடும். கையே உடைந்து தொங்கும் சிப்பாய்கள் உண்டு. 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் இடம்பெற்றன. படம் எடுக்க வருகிறவர்கள் அந்த ஒயர் தெரியாமல் எடுக்கத் தவிப்பார்கள்.

பக்கச் சந்துச் சுவரில் ஜி.ஐ. பைப்பை நிமிர்த்திக் கிளாம்ப் போட்டு, அதில் ரீல் இன்சுலேட்டர் வைத்து, தாங்கு கம்பியை அங்கே கட்ட வேண்டும். இழுப்பு முழுக்கக் கம்பிக்குத்தான், ஒயர் சும்மா தொங்கிக்கொண்டு வர வேண்டும். தெருவைக் குறுக்கே கடந்தால் தரையிலிருந்து 5.8 மீட்டர் உயரம். மொட்டைமாடிக்கு மேலே போனால் 2.5 மீட்டர், பக்கவாட்டில் 1.2 மீட்டர் இடைவெளி. பைப்பின் வாய் கீழ்ப்பார்த்து வளைந்திருக்க வேண்டும். ஒயர் பைப்புக்குள் நுழைவதற்கு முன்னால் ஒரு தொய்வு விட்டு, கீழே இறங்கி மேலே ஏறிப் போக வேண்டும். மழைத்தண்ணீர் ஒயரைப் பிடித்துக்கொண்டே வரும், அந்தத் தொய்வின் அடியில் சொட்டிப் போய்விடும். தொய்வு இல்லாவிட்டால் நேரே மீட்டர் பெட்டிக்குள் வந்து இறங்கும். ஐப்பசியில் மீட்டர் பெட்டியைத் திறந்தால் தண்ணீர்க் கோடு தெரிகிற வீடுகளில் எல்லாம் இந்த ஒரு முழத் தொய்வுதான் இல்லை.

சுவரில் ஓட்டை போடுவது தனிக் கவலை. சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, கடுக்காய் சேர்த்து அரைத்துப் பூசி மெருகேற்றிய சுவர். முகம் தெரியும். அதில் உளியை வைத்து ஒரு தட்டுத் தட்டினால் விரிசல் ஒரு சாண் ஓடும். நான் சுத்தியலைத் தொடுவதில்லை. மெல்லிய பிட் போட்டு, அதிர்வு இல்லாமல், முதலில் சின்ன ஓட்டை, பிறகு பெரியது. வெளிப்பக்கம் சரிவாக இருக்க வேண்டும், உள்ளே தண்ணீர் வரக் கூடாது. ஒரு ஓட்டைக்கு ஒன்றரை மணி நேரம் ஆனால் ஆகட்டும். அந்தப் பூச்சை இன்றைக்கு அதே மாதிரி பூசக் கை உள்ளவர்கள் சிலர்தான்.

இனி டெர்மினல். இதைச் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். ஏழு இழைக் கேபிள் மீட்டரின் ஓட்டைக்குள் நுழையவில்லை என்றால் என்ன செய்வார்கள் தெரியுமா? இரண்டு இழையை வெட்டிவிட்டு மீதி ஐந்தை நுழைப்பார்கள். நூறு அடிக்குத் தடித்த கேபிள் வாங்கிப் போட்டுவிட்டு, கடைசி அரை அங்குலத்தில் அதை ஒல்லியாக்கிவிடுகிறோம். இருக்கிற இழுப்பு முழுக்க அந்த அரை அங்குலத்தின் வழியாகத்தான் போயாக வேண்டும். என்னிடம் இப்போது வேலை பழகும் தம்பி வந்த முதல் வாரம் இதைத்தான் செய்தான். கீழே விழுந்த இரண்டு துண்டையும் பொறுக்கி அவன் உள்ளங்கையில் வைத்தேன்.

"இது எதுக்குடா இருந்துச்சு?"

"உள்ள போகலைண்ணே."

"பின் லக்குன்னு ஒண்ணு இருக்கு. அதை வாங்கிட்டு வா. கடை வரைக்கும் போய்ட்டு வர அரை மணி நேரம். நான் இங்கயே உக்காந்திருக்கேன்."

சீவும்போது கத்தி கம்பியைச் சுற்றி ஒரு வளையக் கீறல் போட்டுவிடும், அதுவும் அப்படித்தான். கீறிய இடத்தில் இரண்டு தடவை மடக்கினால் ஒடியும். கத்தியைக் குறுக்காக வைக்காமல் பென்சில் சீவுகிற மாதிரிச் சாய்த்துச் சீவ வேண்டும். அவனுக்கு இது நாலு நாளில் வந்துவிட்டது. எனக்கு ஒரு வருஷம் ஆனது.

கல்யாண வீட்டில் ஆளுக்கு ஏதாவது ஆகியிருக்கலாம் என்றேனே, அது எர்த் விஷயம். சாமான்களின் பாடியில் கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்குகிற இணைப்புதான் எர்த். எங்கள் பக்க வீடுகளுக்குப் போஸ்டிலிருந்து எர்த் கம்பி வருவதில்லை. வீட்டில் தோண்டுகிற குழிதான் எர்த். இங்கே மண் எப்படிப்பட்டது? மூன்று நாலு அடி தோண்டினால் செம்புறாங்கல், கடப்பாரை எகிறும். சித்திரையில் அது காய்ந்து ஓடு மாதிரி இருக்கும். கஷ்டம் என்று நாலடியிலேயே பைப்பை நட்டு மூடிவிடுவார்கள். எர்த் சரியில்லாத வீட்டில் ஷாக் அடிக்கிறது என்று புகார் வந்தால், சிலர் பிளக் பாயின்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிட்டுப் போவார்கள். டெஸ்டரில் எல்லாம் சரியாகக் காட்டும். அப்படி இணைத்த வீட்டில் நியூட்ரல் ஒடிந்தால் கிரைண்டர் பாடி, ஃப்ரிட்ஜ் கதவு எல்லாவற்றிலும் லைன் ஏறிவிடும். அன்றைக்கு அந்தப் பின்கட்டில் ஈரத் தரையில் வெறுங்காலோடு ஆறு பேர் நின்றார்கள். அந்த வீட்டில் யாரும் அப்படி இணைத்து வைத்திருக்கவில்லை. ஒவ்வொரு பிளக்காகக் கழற்றிப் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகுதான் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கியது.

எர்த் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க எங்களிடம் ஒரு பழைய வழி உண்டு. நூறு வாட் குண்டு பல்பை பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் வைப்பது. பல்பு பளிச்சென்று எரிந்தால் எர்த் பாஸ். நானும் பத்து வருஷம் இதை நம்பினேன். கணக்குப் போட்டுப் பார்த்தால் பயமாக இருக்கிறது. அந்தப் பல்பு எடுப்பது அரை ஆம்பியருக்கும் குறைவு. எர்த்தின் தடை 50 ஓம் என்றாலும் அதில் போவது 20 வோல்ட்தான், பல்புக்கு 210 கிடைத்துவிடும், பளிச்சென்றுதான் எரியும். ஆனால் அதே வீட்டில் கிரைண்டர் பாடியில் லைன் பட்டால் எர்த் வழியாக ஓடக்கூடியது 230-ஐ 50-ஆல் வகுத்தால் 4.6 ஆம்பியர். அளவுக்கு மேல் கரண்ட் ஓடினால் தானே விழுகிற 16 ஆம்பியர் எம்.சி.பி. சுவிட்ச் அதைக் கண்டுகொள்ளவே கொள்ளாது. கிரைண்டர் ஒரு நாள் முழுக்க உயிரோடு நிற்கும். பல்பு எரிந்ததே என்று நாம் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருப்போம்.

இப்போது எர்த் டெஸ்டர் வாங்கி வைத்திருக்கிறேன். இரண்டு முளை அடித்து, ஒயர் இழுத்து, நேராக ஓம் கணக்கில் பார்த்துவிடலாம். இந்த வீட்டின் பழைய எர்த் முகப்புப் பக்கம் இருந்தது, 60 ஓம் காட்டியது. புதிய குழியைப் பின்கட்டில், பாத்திரம் கழுவுகிற தண்ணீரும் வளவு மழைத்தண்ணீரும் வெளியே போகிற வாய்க்கால் ஓரமாக, சுவரிலிருந்து ஒன்றரை மீட்டருக்கு மேல் தள்ளித் தோண்டினோம். செம்புறாங்கல்லை உடைக்க இரண்டு ஆள், இரண்டு நாள். இரண்டரை மீட்டர் ஜி.ஐ. பைப், சுற்றிலும் கரியும் உப்பும் மாற்றி மாற்றி. தண்ணீர் ஊற்றி ஒரு வாரம் விட்டுப் பார்த்தேன், 6 ஓம். அதோடு நிறுத்தவில்லை. மெயினில் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. போட்டேன், கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் தானே லைனைத் துண்டிக்கிற சுவிட்ச் அது. இப்போது பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் பல்பை வைத்தால் பல்பு எரியாது, ஆர்.சி.சி.பி. விழுந்துவிடும். தம்பி அதைச் செய்து பார்த்துவிட்டு, "பல்பு எரியலைண்ணே" என்று பதறிப்போய் ஓடிவந்தான். எரியக் கூடாதுடா என்று சொல்லிப் புரியவைத்தேன்.

புதுக் கேபிள் 16 ஸ்கொயர் எம்.எம்., நாலு கோர், மீட்டரிலிருந்து மெயின் வரைக்கும் ஒரே நீளம். வீட்டுக்குள் ஆத்தங்குடி டைல்ஸை ஒன்றுகூட அசைக்கவில்லை. பக்கச் சந்து வழியாக மண்ணுக்குள் கொண்டுபோனோம். முக்கால் மீட்டர் ஆழம், அடியில் மணல், கேபிள், மேலே மணல், அதற்குமேல் குறுக்காகச் செங்கல் வரிசை. நாளைக்கு யாராவது தண்ணீர்க் குழாய்க்குத் தோண்டினால் கடப்பாரை முதலில் செங்கல்லில் படட்டும். மூலையில் திரும்புகிற இடத்தில் தம்பி கேபிளைக் காலால் மிதித்து மடக்கப் போனான். கேபிளின் தடிமனைப் போலப் பன்னிரண்டு மடங்கு ஆரத்துக்குக் குறையாமல் வளைக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே உறை பிளந்துவிடும். ஒரு சோற்றுக் குண்டானைக் கவிழ்த்து வைத்து, அதைச் சுற்றி வளைக்கச் சொன்னேன். இரண்டு முனையிலும் ஒரு சுற்றுக் கேபிளை அதிகமாகவே விட்டிருக்கிறேன். எட்டடி குறைந்த கதை இன்னொருத்தனுக்கு வேண்டாம்.

மீட்டருக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிற அட்டையில் இன்றைக்கும் ஐயாவின் ஐயா பேர்தான் இருக்கிறது. பதினாலு புள்ளிக்கு, அதாவது பதினாலு குடும்பத்துக்குச் சொந்தமான வீடு. கேபிளுக்கு யார் எவ்வளவு கொடுப்பது என்று பேசி முடிக்கவே ஒரு மாதம் ஆனது. ஆச்சிதான் எல்லோருக்கும் போன் போட்டுப் பேசினார்கள். அந்த முறிந்த கம்பியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, அதை எல்லாப் பங்காளிகளுக்கும் அனுப்பியிருக்கிறார்கள்.

என்னிடம் ஒரு நீலக் கலர் நோட்டு இருக்கிறது. 2001-லிருந்து செய்த வேலை எல்லாம் அதில் இருக்கிறது, மீட்டர் எந்தப் பக்கம், எத்தனை அடி, எவ்வளவு பாக்கி என்று. அதைப் புரட்டிப் பார்த்தேன். அதே மாதிரி அலுமினியத்தையும் காப்பரையும் முறுக்கிப் போட்ட வீடுகள் பதினொன்று. இதுவரைக்கும் ஐந்து பார்த்துவிட்டேன். இரண்டில் டேப்பின் உள்சுற்று பழுப்பு ஏறியிருந்தது, ஒன்றில் ஒரு பேஸ் முறுக்கே கையில் கழன்று வந்தது. எதற்கும் நான் கூலி கேட்கவில்லை. லக்கு விலையை மட்டும் சிலர் வற்புறுத்திக் கொடுத்தார்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பள்ளத்தூர். அங்கே இரண்டு வீடு. ஒன்றில் ஆள் இருக்கிறார்கள். இன்னொன்றின் சாவி எதிர்வீட்டில் இருப்பதாக மலேசியாவிலிருந்து அந்த அண்ணன் போனில் சொன்னார். பெட்டி எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்கு நினைவிருக்கிறது. இரண்டாம் கட்டு நிலைக்கு மேலே, இடது கைப் பக்கம். பிள்ளையார் நோன்புக்கு ஊருக்கு வருகிறார்களாம். அதற்குள் முடித்துவிட வேண்டும்.